பிளாஸ்டிக்குக்குச் சேதாரம் போட்டவர்

சேதாரம் போடாத நகைக்கடை ஒன்று வேண்டுமென்று தமிழ்நாடு முழுக்கத் தேடினால் கிடைத்தாலும் கிடைத்துவிடும். பிளாஸ்டிக் வாளிக்குச் சேதாரம் போட்ட மனிதர் மட்டும் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தார். ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். எங்கள் தெருவுக்கு அவர் தட்டான் பாய். தட்டான் என்றால் நகை செய்யும் தட்டான். பாயோ வாழ்நாளில் ஒரு குந்துமணித் தங்கத்தைக்கூட உருக்கியதில்லை.

அவர் தொழில் சுலபமானது. உடைந்த வாளி, ஓட்டை மக்கு, காலொடிந்த ஸ்டூல் எல்லாவற்றையும் வாங்கி, அரைத்து, கழுவி, உருக்கி, புது வாளியும் அன்னக்கூடையும் வார்ப்பது. மற்றவர்கள் ஊர்க் குப்பையை மொத்தமாகக் கொட்டி உருக்கினார்கள், காசு பார்த்தார்கள். பாய்க்கு மட்டும் ஒரு கொள்கை. எந்த வீட்டுப் பிளாஸ்டிக்கோ, அதே வீட்டுக்குத்தான் அது வாளியாகத் திரும்பிப் போக வேண்டும். அடுத்த வீட்டுச் சில்லு ஒன்றுகூடக் கலக்கக் கூடாது.

"ஏன் பாய் இவ்வளவு சிரமம்?" என்று முதல் நாள் கேட்டேன்.

"சார், உங்க சம்சாரம் பழைய வளையலக் குடுத்துப் புது வளையல் பண்ணச் சொல்றாங்க. ஆசாரி அடுத்த வூட்டுத் தங்கத்தப் போட்டுப் பண்ணா வுடுவீங்களா?"

"விடமாட்டேன்."

"அப்ப வாளின்னா மட்டும் இன்னா சார் உங்களுக்கு அவ்ளோ எளப்பம்?"

நான் பதில் சொல்வதற்குள் எங்கள் நாற்காலியில் ஒரு கீற்றைச் சீவி, தீக்குச்சியில் காட்டி, புகையை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டார். சங்கீத விமரிசகர் ஆலாபனை கேட்பதுபோல இருந்தது. பிறகு பெருமூச்சு விட்டார்.

"யாரு சார் வாங்கிக் குடுத்தது இத?"

"என் மைத்துனர். எங்கள் கிருகப்பிரவேசத்துக்கு."

"பாதிக்குப் பாதி சுண்ணாம்பு கீது சார் இதுல. உங்க மச்சான் உங்கள நல்லா ஏமாத்திட்டாரு."

அன்று நான் வீட்டுக்குப் போய்ச் செய்த தவறு, இதை என் மனைவியிடம் அப்படியே சொன்னது. மைத்துனர் சீர் செய்த நாற்காலியில் சுண்ணாம்பு என்பது எங்கள் வீட்டில் இரண்டு வேளைச் சாப்பாட்டின் ருசியை பாதித்தது. மூன்றாம் வேளை அவளே நேரில் பாயிடம் போனாள். அவள் கண்ணெதிரிலேயே இன்னொரு கீற்றைக் கொளுத்தி முகரச் சொன்னாராம். திரும்பி வந்து, "ஏங்க, அண்ணனுக்கே தெரியாம கடைக்காரன் ஏமாத்தியிருப்பான்" என்றாள். அன்றிலிருந்து அவள் கட்சி பாய்.

சுண்ணாம்பைத் தள்ளி, சேதாரம் கழித்து, செய்கூலி வாங்கிக்கொண்டு, ஒரு வாரத்தில் வாளி வந்தது. அதன் நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பழைய சாமான்கள் பெரும்பாலும் பச்சை. கூடவே ஒரு சிவப்பு மக்கும் மஞ்சள் சோப்பு டப்பாவும். எல்லாம் ஒன்றாக உருகி என்ன நிறம் ஆகியிருக்கிறது என்று எட்டுப் பேரிடம் கேட்டேன். ஒன்பது பதில் வந்தது. எட்டாமவர் இரண்டு சொன்னார்.

ஆனால் அந்த நிறத்தால் ஒரு நன்மை விளைந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த தண்ணீர்ப் பஞ்சத்தில், லாரி வந்து நின்றால் தெருவே வாளியும் கையுமாக ஓடும். குடிக்கிற தண்ணீரைத் தன் வாளியில் பிடிக்கக் கூடாது என்று பாய் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். புழங்குகிற தண்ணீருக்குத்தான் அது. மற்ற தெருக்களில் எல்லா வாளியும் ஒரே நீலம், அதனால் ஒரே சண்டை. "இது என் வாளி", "இல்லை, என் வாளி" என்று கைகலப்பு வரை போகும். எங்கள் தெருவில் அந்தப் பேச்சே இல்லை. இரண்டு வீட்டுக் குப்பை ஒன்றுபோல இருக்காது என்பதால், இரண்டு வீட்டு வாளியும் ஒன்றுபோல இருக்கவில்லை. தூரத்தில் வருகிற வாளியைப் பார்த்தே யார் வீட்டு மருமகள் வருகிறாள் என்று சொல்லிவிடலாம்.

சிக்கல் வேறு திசையிலிருந்து வந்தது. ஒரு வீட்டு வேலை முடிந்து அடுத்த வீட்டுச் சில்லைப் போட்டால், இயந்திரத்தின் குழாய்க்குள் முந்தைய வீட்டு மிச்சம் கொஞ்சம் தங்கியிருக்கும். புதுச் சில்லு அதைத் தள்ளிக்கொண்டு வரும். இரண்டும் பின்னிப்பிணைந்து, மாட்டுச் சாணம் அளவுக்கு ஒரு கட்டியாக வெளியே விழும். அதற்கப்புறம்தான் சுத்தமான சரக்கு வரும். இந்த விவரம் தெருவுக்குத் தெரிந்த நாளிலிருந்து, எல்லோரும் பாயிடம் கேட்ட முதல் கேள்வி விலை பற்றியது அல்ல. "எங்களுக்கு முன்னாடி யாரு?"

மூன்றாம் வீட்டு டீச்சரம்மா சுத்த சைவம். வெங்காயம் நறுக்குகிற கத்தியையே தனியாக வைத்திருப்பவர். அவர் கொட்டகை வாசலிலேயே நின்று, "பாய், எனக்கு முன்னாடி கன்னியம்மா கூடை ஓடலையே?" என்று கேட்பார். கன்னியம்மா கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்து தாம்பரம் மார்க்கெட் ஓரம் மீன் விற்கிறவள்.

"இல்லம்மா. உங்களுக்கு முன்னாடி ஐயர் வூட்டு மக்குதான் ஓடுது."

"அதுக்கு முன்னாடி?"

"அத்த எல்லாம் கேட்டா, ஆதாம் காலம் வரிக்கும் போவணும்மா."

அந்தக் கட்டிகளை மற்றவர்களாக இருந்தால் அரைத்து வேறு வேலைக்குப் போட்டிருப்பார்கள். தட்டான் பாய் மூலையில் அடுக்கி வைத்தார். ஒவ்வொன்றும் இரண்டு வீட்டுக்குப் பொது. இரண்டு வீடும் சேர்ந்து வந்து சம்மதம் சொல்லாமல் தொடமாட்டாராம். ஒரு வாளியை வாங்க ஒரு வீடு வருவதே பெரிய பாடு. ஒரு கட்டியைக் கேட்க எந்த இரண்டு வீடு சேர்ந்து வரும்? கட்டிகள் கூரையை நோக்கி வளர்ந்தன. நான் ஒருமுறை எண்ணத் தொடங்கினேன். பாயின் மச்சான், அவர்தான் இயந்திரத்தின் கைப்பிடியை இழுப்பவர், "எண்ணாதீங்க சார், கண்ணு பட்டுரும்" என்று தடுத்துவிட்டார்.

சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த ஒரு பையன் வெளிநாடு போய் வந்தபோது, சோளத்திலிருந்து செய்தது என்று ஒரு தெளிவான டம்ளரைக் கொண்டுவந்தான். மண்ணில் போட்டால் மக்கிவிடும் என்றான். பாய் வழக்கம்போலக் கொளுத்தி முகர்ந்தார். முகம் குழம்பியது.

"பாகு வாசன வருது. இது தின்ற சாமானா, குடிக்கிற சாமானா? இத நம்ம சரக்கோட கலந்தா எல்லாம் பாழ்." டம்ளரைக் கொட்டகைக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் புதைத்தார். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்ததும் தோண்டிப் பார்ப்பார். மழைக்காலம் வந்தது, போனது. டம்ளர் கடையில் வாங்கிய மேனிக்கு இருந்தது.

"என்ன பாய், மக்கிச்சா?"

"நல்லாத் தூங்கிகினு கீது சார். நம்ம மண்ணு அதுக்குப் பழகல போல." பாவம் என்று கொஞ்சம் எருவும் போட்டார். முருங்கை நன்றாகக் காய்த்தது.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் ஒரு காலை கன்னியம்மா ஒரு சாக்கோடு வந்தாள். அப்போது நானும் என் மனைவியும் அங்கே இருந்தோம். சாக்கைக் கவிழ்த்தாள். அவளுடைய அன்னக்கூடை, துண்டு துண்டாக. தாம்பரம் பஸ் நிலையத்தில் இறக்கி வைத்துவிட்டு முந்தானையைச் சரி செய்வதற்குள் பின்னால் வந்த பஸ் ஏறிவிட்டதாம். பாதித் துண்டுகள் சாலையில் சிதறி, சக்கரங்களோடு பல்லாவரம் வரை போயிருக்கும்.

"ரெண்டு நாள்ல வேணும் பாய். ஓரகத்தி கூடைய கடன் வாங்கிகினு ஓட்டிகினு கீறேன், அவளும் திருப்பிக் கேக்குறா. கூட இல்லன்னா ஏலத்துல மீன் எடுக்க முடியாது. நான் ஒரு வாரம் போவலன்னா என் எடத்துல அந்த நண்டுக்காரி குந்திக்குவா. அப்பறம் அவள யாரு எழுப்பறது? எங்கம்மா குந்துன எடம் அது."

பாய் துண்டுகளைத் தராசில் போட்டார். சேதாரத்தைக் கழிக்காமலே பார்த்தார். தலையை ஆட்டினார்.

"பாதி கூடைக்குதாம்மா வரும்."

"மீதிய நீ போடு. வூடு ரொம்ப அடுக்கி வெச்சிகினு கீறியே!"

"எல்லாம் பேர் போட்ட மூட்டம்மா. ஒண்ணும் என்னுது இல்ல."

"உன் வூட்டுலேர்ந்து போடேன்!"

மச்சான்தான் பதில் சொன்னார். இதே மாதிரி குறை விழுந்தபோதெல்லாம் பாய் தன் வீட்டுச் சாமானைக் கொண்டுவந்து உருக்கியிருக்கிறார். பருப்பு டப்பா, ஊறுகாய் ஜாடி மூடி, கடைசியில் குழந்தைக்குக் குளிப்பாட்டும் தொட்டி. அதற்கப்புறம் பாயம்மா சமையலறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். "அக்கா வூட்டுல இப்ப பிளாஸ்டிக்குன்னா கரண்டு சுச்சுதான் மிச்சம் கீது" என்றார் மச்சான்.

"புதுசா ஒண்ணு கடையில வாங்கித் தரேம்மா" என்றார் பாய் தயங்கி.

கன்னியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் உன்னாண்ட பிச்சை கேட்டனா? கடைக் கூடை ஐஸ் வெச்சா ஒரு மாசம் தாங்குமா? உன் கூட தாங்கும்னு வந்தேன். ஊரு குப்பையெல்லாம் உங்கிட்ட கீது, எனக்கு ஒரு கை இல்லியா? நல்ல நாயம்யா உன்னுது!"

சாக்கை உதறி விட்டுப் போய்விட்டாள். பாய் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தராசிலிருந்து எடுத்து அடுக்கினார். டீ வந்தது. குடிக்கவில்லை. டீயைக் குடிக்காத பாயை அன்றுதான் நான் பார்த்தேன்.

"பேஜாரா போச்சு சார். அவ சொல்றதும் நாயம். நான் சொல்றதும் நாயம். ரெண்டு நாயத்துக்கு நடுவுல கூடையக் காணோம்."

என் மனைவி மூலையைக் காட்டினாள். "அந்தக் கட்டியெல்லாம் யாருது?"

"ரெண்டு ரெண்டு பேருதும்மா."

"அப்ப ரெண்டு ரெண்டு பேரா கூட்டிட்டு வந்து கேளுங்க. அதுக்கென்ன?"

பாய் எழுந்து நின்றார். நேராக நின்றால் அவர் எவ்வளவு உயரம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த இரண்டு நாள் எங்கள் தெரு பட்ட பாடு கொஞ்சமல்ல. பாய் கட்டியைக் கையில் ஏந்தி ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவார். அந்த வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார். கட்டி எந்தெந்த வீட்டுடையது என்று நிறத்தைப் பார்த்தே சொன்னார். லுங்கியும் பனியனுமாக இருவரை நிற்க வைத்து, "சம்மதமா?" என்று கேட்பார். மாமியார் ஒரு வாளியும் தனிக்குடித்தனம் போன மருமகள் ஒரு வாளியுமாகச் செய்து வாங்கியிருந்த வீட்டில், இருவரையும் ஒரே வாசலில் நிறுத்தியதே பெரிய சாதனை.

டீச்சரம்மா மறுத்துவிட்டார். "மீன் கூடைக்கா? என் மக்கா? மாட்டேன் பாய்."

"உங்களுது பாதிதாம்மா."

"பாதின்னாலும் அது நான் குளிச்ச மக்கு."

பாய் கெஞ்சவில்லை. "அந்தம்மா எடம் போயிரும் டீச்சரம்மா. நீங்க ரிட்டயர் ஆனப்ப உங்க நாற்காலில வேற ஆளு குந்துனப்ப எப்படி இருந்துச்சு? அந்தம்மா இன்னும் ரிட்டயரே ஆவலயே" என்றார்.

டீச்சரம்மா கதவைச் சாத்திக்கொண்டார். பாய் திரும்பி நடந்தார். அவர் சந்து முனையை அடைவதற்குள் பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"பாய்! என் பாதியை வெளிப்பக்கமா போடுங்க. மீன் படக் கூடாது."

"வெளிப்பக்கமாவே போடறேம்மா" என்றார் பாய் சத்தியம் செய்கிறவர்போல. உருகின பிளாஸ்டிக் உள்பக்கம், வெளிப்பக்கம் என்று பார்த்து ஓடாது என்பது அவருக்குத் தெரியாதா என்ன.

சம்மதம் கிடைத்த கட்டிகளை அரைத்து, கன்னியம்மாவின் துண்டுகளோடு சேர்த்து, இரண்டாம் நாள் மாலை வார்த்தார்கள். மச்சான் கைப்பிடியில் தொங்கினார். அச்சைத் திறந்தால் கூடை இருந்தது. ஆனால் விளிம்பில் ஒரு கை அகலத்துக்கு ஒன்றுமே இல்லை. சரக்கு அங்கே வந்து சேர்வதற்குள் தீர்ந்துவிட்டது.

கன்னியம்மா கூடையைச் சுற்றிப் பார்த்தாள். "இன்னாயா, பல்லு போன கெழவி மாட்டம் கீது?"

மூலையில் இன்னும் சம்மதம் கேட்காத கட்டி ஒன்றே ஒன்றுதான் பாக்கி; மற்றவை ஒரு வீடாவது மறுத்தவை. நல்ல பெரிய கட்டி. பேர் வைக்க முடியாத ஒரு நிறமும் நீலமும் முறுக்கிக்கொண்டு கிடந்தன. பாய் என்னைப் பார்த்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அந்தப் பேரில்லாத நிறம் எங்களுடையது. நீலம், ரயில்வேயில் கார்டாக இருக்கும் பக்கத்து வீட்டுக்காரருடையது.

கார்டுக்கும் எனக்கும் பேச்சில்லை. அவர் வீட்டு வேப்பமரம் தன் நிழலை அவருக்கும் சருகை எனக்கும் கொடுத்து வந்தது. ஒருமுறை உதிர்ந்த சருகையெல்லாம் கூட்டி, ஒரு சாக்கில் கட்டி, அவர் வாசலில் வைத்தேன். மனுஷர் சண்டை போட்டிருந்தால் தேவலை. "பார்சல் வந்து சேர்ந்தது. அனுப்பியவர் கையெழுத்து தேவை" என்று ஒரு சீட்டை என் கதவில் ஒட்டினார். அத்தோடு நின்றது பேச்சு.

என் மனைவி போய்ச் சொன்னதும் கார்டு சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். டியூட்டிக்கு வருகிறவர்போல நிமிர்ந்து, எனக்கு அந்தப் பக்கம் நின்றார். பாய் கட்டியை எங்கள் இருவர் நடுவில் பிடித்தார்.

"சார், இது உங்க ரெண்டு வூட்டுப் பொருள். கன்னியம்மா கூடைக்குக் குடுக்கச் சம்மதமா?"

"அவர் என்ன சொல்றார்?" என்று கார்டு இயந்திரத்தைக் கேட்டார்.

"முதல்ல அவரைச் சொல்லச் சொல்லுங்க" என்றேன் தகரத்திடம்.

"நிக்காஹ்ல பொண்ணுகூட இவ்ளோ பிகு பண்ணாது சார்" என்றார் மச்சான்.

கன்னியம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "யோவ், ரெண்டு பேரும் இன்னா கண்ணாலமா கட்டிக்கப் போறீங்கோ? விடிஞ்சா ஏலம். அவ அங்க நண்டு கொட்டிட்டான்னா உங்க சம்மதத்த வெச்சிகினு நான் கொழம்பா வெக்கிறது?"

"சம்மதம்" என்றேன்.

"சம்மதம்" என்றார் கார்டு, அதே நேரத்தில்.

"மூணு தபா" என்றார் பாய்.

இரண்டாம் தடவை சொல்லும்போது கார்டின் உதட்டோரம் சிரிப்பு எட்டிப்பார்த்தது. மூன்றாம் தடவை, நிக்காஹில் மாப்பிள்ளை சம்மதம் சொல்வதுபோல, "கபூல்" என்றார். கொட்டகை அதிரச் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் என் பக்கம் திரும்பினார். "சார், உங்க சாக்கு பத்திரமா இருக்கு. நாளைக்குக் கொடுத்து விடறேன்."

"வேணாம் சார். வெச்சுக்குங்க" என்றேன். பேச்சு வந்துவிட்டது.

குறைக் கூடையை மறுபடி அரைத்து, கட்டியையும் சேர்த்து, மறுபடி வார்த்தார்கள். அச்சைத் திறக்கும்போது பாய் கண்ணை மூடிக்கொண்டார். மச்சான்தான், "மாமா, முழுசா கீது" என்றார். விளிம்பு ஒரு இடத்திலும் குறையில்லை. நிறம் மட்டும், எட்டுப் பேரிடம் கேட்டாலும் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்பதுபோல இருந்தது. உற்றுப் பார்த்தால் சுழல் சுழலாக எல்லோர் வீடும் தெரிந்தது.

கன்னியம்மா விரலால் தட்டிப் பார்த்தாள். மேலே ஏறி நின்று பார்த்தாள். "கலரு கண்றாவி. கூட கெட்டி" என்று தீர்ப்பளித்தாள். பாய் செய்கூலி வாங்கிக்கொண்டார்; வாங்காவிட்டால் அவள் கூடையைத் தொட்டிருக்கமாட்டாள். அன்றைக்குச் சேதாரம் மட்டும் அவர் போடவில்லை.

மறுநாள் காலை நான் பால் வாங்கி வரும்போது, கன்னியம்மா தலையில் அந்தக் கூடையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி மார்க்கெட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். ஐஸும் மீனுமாக நல்ல பாரம். வழியில் டீச்சரம்மா கீரைக்காரியிடம் பேரம் பேசுவதுபோல நின்றுகொண்டு, கூடையின் வெளிப்பக்கத்தை ஒரு சுற்று பார்த்தார். கொஞ்சம் பின்னால் தட்டான் பாய். பாரத்தில் விளிம்பு வளைகிறதா, அடி தாங்குகிறதா என்று அண்ணாந்து பார்த்தபடி, புகுந்த வீட்டுக்குப் போகிற பெண்ணைத் தெருமுனை வரை கொண்டுவிடும் தகப்பன் மாதிரி, அவளுக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருந்தார். அவள் ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தாள். அவரும் கடந்தார். இந்தப் பக்கம் வருகிற லாரியையோ அந்தப் பக்கம் வருகிற பஸ்ஸையோ அவர் பார்க்கவே இல்லை. கண் முழுக்கக் கூடையில்.

பால் திரிந்துவிடும் என்று தெரிந்தும் நான் வீட்டுக்குத் திரும்பவில்லை. கூடையை அவர் பார்த்துக்கொள்கிறார், சரி. அவரை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டாமா?